எர்ணாகுளம் லைனில் கேட்ட கேள்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒரு பத்திரிகை நிருபர் சென்னையிலுள்ள தன் அலுவலகத்துக்கு டிரங்க் கால் கேட்டார். இணைத்துக் கொடுத்தது நான். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பேச்சு தொடங்கிய நேரத்தைச் சீட்டில் எழுதுவது எங்கள் வேலையில் பாதி.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி நகரத்துக்குப் போய், எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஊருக்கும் ஊருக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. லைன் தெளிவாக இருந்தால் நாங்கள் நடுவில் கேட்கக் கூடாது. ஆனால் அன்று ராமநாதபுரம் லைன் அரிசி புடைப்பதுபோல் இரைந்தது. அவர் பேசுவது எனக்குக் கேட்டது. சென்னை அலுவலகத்துக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஆபரேட்டரே நடுவில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பச் சொல்வது வழக்கம். நானும் சொன்னேன்.

"நேற்று இரவு" என்றார் அவர். "நேற்று இரவு" என்றேன்.

"யாழ்ப்பாணத்துக்குக் கடல் வழியாக, நம் கடற்படைக் கமாண்டோக்கள்." அதையும் சொன்னேன்.

"இயக்கத்தின் தலைமை கூடியிருந்ததாகச் சொல்லப்படும் ஒரு வீட்டை ரகசியமாகச் சூழ்ந்தனர். தலைவர்கள் அங்கே இல்லை. திரும்பும்போது தண்ணீருக்குள் வெடி. நம் தரப்பில் இழப்பு."

சென்னையில் எழுதிக்கொண்டிருந்தவர், "எத்தனை பேருன்னு கேளும்மா" என்றார்.

கேட்டேன். என் குரல் வழக்கம்போலத்தான் இருந்திருக்கும். இல்லையென்றால் அவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

"தெரியல. டைவர்ஸ்னு பேசிக்கறாங்க" என்றார் நிருபர்.

"டைவர்ஸ்" என்றேன். பிறகு, "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்றேன்.

என் மகன் டைவர்.

பிளஸ் டூ முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்தான். கொச்சியில் ஆழத்தில் மூழ்கி வேலை செய்யப் பயிற்சி எடுத்தான். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவதுதான் வேலை என்று எழுதுவான். அதை நம்பினேன். பிறகு எதற்கோ தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டான் என்று ஒரு கடிதம். அதற்கு அப்புறம் கடிதங்களில் ஊர்ப் பெயர் இல்லை. கடற்படைத் தபால் அலுவலகத்தின் முகவரி மட்டும்தான். கடைசியாக லீவில் வந்தபோது தாடி வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, இனிமே எங்க இருக்கேன்னு கேக்காத. யாராவது கேட்டா கப்பல்ல ஸ்டோர்ஸ்ல இருக்கான்னு சொல்லிடு" என்றான்.

நாங்கள் இருந்தது பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். எதிர்வீட்டு அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "ஸ்டோர்ஸா! அப்ப ஃபாரின் சோப்பெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்குமே. அடுத்த தரம் வரச்சே எனக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றார். என் கணவர் பர்மா பஜாருக்குப் போய் இரண்டு சோப்பு வாங்கிவந்து, பையன் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி அவரிடம் கொடுத்தார். அதற்கப்புறம் தெருவில் யாரும் சந்தேகப்படவில்லை. வேறு பலர் ஷாம்பூ கேட்டார்கள்.

நம் படைகள் இலங்கையில் இருந்த காலம் அது. தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் படைகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி போஸ்டர் ஒட்டியிருக்கும். கூட்டங்களில் இன்னும் கடுமையாகப் பேசுவார்கள். போகிற வருகிற போதெல்லாம் அந்தப் போஸ்டரைப் படிப்பேன். ஒட்டியவர்களின் காரணம் வேறு, என் காரணம் வேறு. ஆனால் கேட்டது ஒன்றைத்தான்.

அவனிடமிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை எப்படியாவது ஒரு போன் வந்துவிடும். அதற்குக் காரணம் எர்ணாகுளம்.

எங்கள் தொழிலில் எதிர்முனை ஆபரேட்டரை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். "என்ன திருச்சி, தூக்கமா?" என்போம். "வாங்க மெட்ராஸ்" என்பார்கள். எர்ணாகுளம் பொசிஷனில், அதாவது அந்த ஊர் போர்டு இருக்கையில், இருந்த ஒரு பெண் எட்டு வருடமாக எனக்குப் பழக்கம். முகம் தெரியாது. நான் அவளை எர்ணாகுளம் என்பேன், அவள் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பாள். என் மகன் எந்தக் கரையில் இருந்தாலும் கொச்சி கடற்படையின் டெலிபோன் போர்டு வழியாக அவளைப் பிடித்துவிடுவான். அவள் லைன் காலியாக இருக்கும் நேரம் பார்த்து அவனை என் பொசிஷனுக்குத் தள்ளிவிடுவாள். சீட்டு எழுத மாட்டோம். விதிப்படி தவறு, எல்லாரும் செய்வதுதான். "சேச்சி, உன் செக்கன் லைன்ல உண்டு" என்பாள். செக்கன் என்றால் பையன். இரண்டு நிமிடம் பேசுவான். சாப்பிட்டாயா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பான். சளி பிடித்திருந்தால் 'ஹலோ' என்பதிலேயே கண்டுபிடித்துவிடுவேன். "உனக்குக் காதுல ஸ்டெதஸ்கோப்பா வெச்சிருக்காங்க?" என்று சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு ஒரு மாதமாகவே போன் வரவில்லை.

நிருபரின் கால் முடிந்ததும் போர்டில் எர்ணாகுளம் சாவியைத் தள்ளினேன்.

"என்ன எர்ணாகுளம், பிஸியா?"

"ஞாயித்துக்கிழமை என்ன பிஸி சேச்சி. கல்யாணக் கால் ரெண்டு, மரணக் கால் ஒண்ணு. ரெண்டுலயும் அழுகைதான்." பிறகு ஒரு கணம் கழித்து, "உன் சப்தம் சரியில்லையே" என்றாள்.

நான் கேட்டதைச் சொன்னேன். கடல், வீடு, வெடி, எல்லாம். மகனின் பெயர், அவனுடைய கடற்படை எண், தேர்வெழுதிச் சேர்ந்த பிரிவு எது என்று நான் ஊகித்து வைத்திருந்தது, எல்லாவற்றையும் திறந்த லைனில் சொன்னேன். கடற்படை போர்டில் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டுச் சொல் என்றேன்.

"சேச்சி, இதொக்க லைன்ல வேண்டா" என்றாள் மெதுவாக.

"வேற எதுல கேப்பேன்?"

லைனில் வெறும் இரைச்சல். பிறகு, "சரி. ஞான் நோக்கறேன். பயப்படாத" என்றாள்.

எங்கள் இலாகாவில் அப்சர்வேஷன் என்று ஓர் அறை உண்டு. ஆபரேட்டர்கள் சந்தாதாரரிடம் மரியாதையாகப் பேசுகிறார்களா என்று அங்கே உட்கார்ந்து ஒட்டுக் கேட்பார்கள். எந்த நேரத்தில் எந்தப் பொசிஷனைக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. பதினெட்டு வருட சர்வீசில் அதை மறந்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் மறக்கவில்லை. தெரிந்தேதான் பேசினேன். மறுபடி அதே நாற்காலியில் உட்கார்த்தினாலும் அதைத்தான் செய்வேன்.

சாயங்காலம் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் என் கணவர் சைக்கிளோடு நின்றிருந்தார். அவர் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கர். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னைக் கூட்டிப்போக வருவார். ஏறி உட்காரவில்லை. ஏரிக்கரை ஓரமாக நடந்துகொண்டே சொன்னேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நீ எதுக்கு அங்க கேட்ட?" என்றார்.

"வேற யாரைக் கேக்கறது?"

"யாரையும் கேக்கக் கூடாதுன்னுதான் சொல்லிட்டுப் போனான்."

"அவன் சொல்லுவான். அவனுக்கென்ன."

அவர் கொஞ்ச தூரம் போனதும் சைக்கிளை நிறுத்தி, சங்கிலி கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சங்கிலி கழலவில்லை. வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

வீட்டு மாடியில் ஒரு பெரியவர் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போய்விட்டார், மகள் கனடாவில். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சிற்றலை ரேடியோ ஒன்று வைத்திருந்தார். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது படியில் நின்று, "தங்கச்சி, செய்தி கேட்டனீங்களோ? கடலுக்குள்ளால வந்தவையாம். வந்து பார்த்தால் வெறும் வீடாம்" என்றார். கொஞ்சம் சிரித்தார். அவருடைய ஊர் அது. அவருக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. என் மகனைப் பற்றி அவருக்கும் ஸ்டோர்ஸ் கதைதான் சொல்லியிருந்தோம்.

"அப்புறம்?" என்றேன்.

"ரெண்டொரு ஆள் பிடிபட்டதெண்டு ஒரு கதை. இல்லை, கடல்லயே போயிட்டினம் எண்டு இன்னொரு கதை. உண்மை ஆருக்குத் தெரியும்?"

ஈரத் துணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் நான்கு வரிதான் இருந்தது. நான் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களில் பாதி இல்லை. டைவர்ஸ் என்ற சொல்லும் இல்லை. வேலைக்குப் போய் எர்ணாகுளம் சாவியைத் தள்ளினேன். வேறொரு குரல், "எர்ணாகுளம்" என்றது.

"வழக்கமா இருக்கறவங்க இல்லையா?"

"என்ன நம்பர் வேணும் மெட்ராஸ்?"

நம்பர் ஒன்றும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குச் சூப்பர்வைசர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவர். கதவைச் சாத்திவிட்டு, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. "போர்டுல உக்கார வேணாம்னு உத்தரவு. பழைய சீட்டையெல்லாம் கட்டுக் கட்டி வை. வீட்டுக்கு யாரோ வருவாங்களாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வேற ஒண்ணும் பேசாத" என்றார்.

அடுத்த நாள் வந்தார்கள். ஜீப்பை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். ஒருவர் ஐம்பதை நெருங்கியவர், சாதாரணச் சட்டை, நல்ல தமிழ். இன்னொருவன் கடற்படை அதிகாரி, இளைஞன், வடக்கத்தியான்; அவனும் சீருடையில் இல்லை. என் கணவர் காபி கொடுத்தார்.

மூத்தவர் கேட்டார்: "ராமநாதபுரம் கால்ல கேட்டதை எர்ணாகுளத்துக்குச் சொன்னீங்க. வேற எந்த ஊருக்கு?"

"வேற எந்த ஊருக்கும் இல்ல."

"உங்க பையன் அந்தப் பிரிவுல இருக்கான்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பெத்தவ, கணக்குப் போட்டுக்கிட்டேன்."

"வீட்ல வேற யார் இருக்காங்க?"

"மாடியில ஒருத்தர் வாடகைக்கு இருக்கார்" என்றார் என் கணவர். "போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணியிருக்கோம் சார்."

"எந்த ஊர்க்காரர்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "யாழ்ப்பாணம்" என்றார்.

இளைஞன் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அப்புறம் அதை எடுக்கவே இல்லை. அவனுக்கும் என் மகன் வயதுதான் இருக்கும். அவர்கள் கண்ணில் எங்கள் வீடு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே டிரங்க் ஆபரேட்டர், மாடியில் அக்கரைக்காரர், ரகசியப் படையில் மகன். எங்கள் தெருவில் கிடைத்த வாடகைக்கு நாங்கள் வைத்த குடித்தனக்காரர் அவர், அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் யாரோ யோசித்துக் கட்டிய வீடு போல இருந்தது.

"சார், அவன் உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அதுக்கு நாங்க வரல, மேடம்."

"தெரியுமா தெரியாதா?"

"எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது."

"இதுல எது?"

"ரெண்டும்" என்றார். குரலில் கோபமில்லை. அவரும் களைத்திருந்தார். "இன்னொரு தடவை அவன் பேரு லைன்ல வந்துதுன்னா, அம்மா கேட்டாங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க. அவனைத்தான் கேப்பாங்க, உன் வேலையைப் பத்தி வீட்ல எப்படித் தெரிஞ்சுதுன்னு. எர்ணாகுளத்துக்கு நீங்க பேசக் கூடாது. அவங்களும் உங்களோட பேசக் கூடாது. அந்த அம்மாவை சஸ்பெண்ட் பண்ணியாச்சு."

நான் தலையாட்டினேன். அவன் இருந்தால்தானே அவனைக் கேட்பார்கள் என்று தோன்றியது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அன்று இரவைக் கழித்தேன்.

அவர்கள் கிளம்புவதற்குள் மாஸ்டர் கூப்பிடாமலே கீழே இறங்கி வந்தார். சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்திருந்தார். மாடியில் அரை மணி அவரோடு பேசிவிட்டுப் போனார்கள்.

ஜீப் கிளம்பின சத்தம் அடங்கிய பிறகு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அப்ப மகன் ஸ்டோர்ஸ்ல இல்லை" என்றார்.

"இல்ல மாஸ்டர்."

"எங்கட தலைவர்மாரைப் பிடிக்கப் போனவரோ?"

நான் மிச்சமிருந்த காபி டம்ளரை எடுத்தேன்.

"நான் அண்டைக்குச் சிரிச்சனான்" என்றார். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது?"

"ஓம். எப்பிடிச் சொல்லுறது." தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, என்னட்டப் படிச்ச பெடியள் சிலபேர் அந்தப் பக்கம் இருக்கினம். ஒரு ஆளிட்டச் சொல்லி விசாரிக்கலாம். பிடிபட்டவை ஆரும் இருக்கினமோ, அதில உங்கட மகன் இருக்கிறாரோ எண்டு. ஒரு படம் மட்டும் தந்தால் போதும்."

அவர் மாடிக்குப் போய்விட்டார். நான் ஆல்பத்தை எடுத்தேன். போன லீவில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் எடுத்த படம். தாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். மூலையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் கிளப்பி அதை உருவினேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படியில் கால் வைத்ததும்தான் வாயைத் திறந்தார்.

"குடுக்காதேன்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு யோசி. அவன் பிடிபடாம அங்கேயே எங்கயாவது ஒளிஞ்சிக்கிட்டிருந்தான்னா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு மீன்பிடிக் கிராமத்தில், ஏதோ ஒரு குடிசைக்குப் பின்னால், தாடி வைத்த ஒரு பையன். இதுவரை அவன் முகம் தெரியாத ஆட்களின் கையில் இந்தப் படம். நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏறினால் அவனுக்குக் கெடுதல், இறங்கினால் எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. எவ்வளவு நேரம் இருந்தேனோ. மேலே கதவைத் திறந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். என் மடியில் படம் கவிழ்ந்து கிடந்தது.

"வேண்டாம் தங்கச்சி" என்றார். "எனக்கு யோசனை ஓடேல்லை. அதை உள்ளுக்குக் கொண்டு போங்கோ."

அந்த வாரமே அவரைத் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தினமும் போய்வந்தார். பிறகு மேடவாக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினார். எங்களால் உங்களுக்குத் தொந்தரவு என்று நான் சொல்ல, என்னால் உங்களுக்கு என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டோம். போகும்போது ரேடியோவை விட்டுவிட்டுப் போனார். அதை நாங்கள் திருகவே இல்லை.

ஊருக்கெல்லாம் லைன் கொடுத்த என் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. தெருமுனை மருந்துக் கடை நம்பரைத்தான் எல்லாரிடமும் கொடுத்திருந்தோம். மருந்துக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று கை காட்டினால் ஓட வேண்டும். அந்த நாட்களில் அவர் கொட்டாவி விட வெளியே வந்தாலும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். இரண்டு முறை செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன். ஒருமுறை எதிர்வீட்டு அம்மாவுக்கு வந்த போன். இன்னொருமுறை அவர் யாரையும் கூப்பிடவே இல்லை, ஈ ஓட்டியிருக்கிறார்.

"பையன் லெட்டர் போட்டானா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்.

"போட்டான். நல்லா இருக்கான்."

"சோப்பு இன்னும் பாதி இருக்கு. வாசனை போகவே இல்ல பாருங்க" என்றார்.

பகலில் நகரத்தில் பழைய சீட்டுகளைக் கட்டுக் கட்டினேன். போர்டிலிருந்து மற்றவர்களின் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும்: எர்ணாகுளம், கோயமுத்தூர், பம்பாய். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காண்டீனில் என் தட்டில் ஒரு வடையைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போவார்கள். சாவு வீட்டுக்காரிக்குச் செய்கிற மாதிரி. அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் நானும் அவரும் பேசிக்கொள்வது குறைந்தது. சோறு வைக்கட்டுமா, தண்ணி வந்ததா, மோட்டார் போட்டாயா. அவன் பெயரைச் சொன்னால் ஏதாவது ஆகிவிடும் என்று இரண்டு பேருக்குமே ஒரு பயம். லைனில்தான் சொல்லக் கூடாது என்றார்கள். நாங்கள் அடுப்பங்கரையிலும் சொல்லவில்லை.

இதை எழுதுகிற இப்போது எங்கள் வீட்டில் போன் இருக்கிறது. அடித்தால் இன்னும் நான் எழுந்திருப்பதில்லை. என் கணவர்தான் எடுப்பார்.

இரண்டாவது வாரம் ஒரு வேலை நாள். எனக்கு மதியத்துக்கு மேல் டியூட்டி. வாசலில் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பி, போய், திரும்பவும் வந்து, என் முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"எம்மா, டெலிபோன்ல வேல பாக்கற அம்மா வூடு இதானா? அரை அவரா இந்தம்மாவ இட்டுகினு சுத்திகினு கீறேன். அட்ரஸ் கேட்டா, 'ஏரிப் பக்கம், மெட்ராஸ் சேச்சி வீடு'ங்குது. இன்னாத்த சொல்றது! மெட்ராஸ்ல எத்தினி சேச்சி கீது?"

பின்னாலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். பருத்த உடம்பு, நரைத்த தலை, ஒரு ரெக்ஸின் பை. அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். யாரோ வழி தவறி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"சேச்சி" என்றார்.

எட்டு வருடமாக இருபத்தைந்து வயது என்று நான் நினைத்திருந்த குரல் அது. என்னைவிடப் பெரியவர். அவர்தான் என்னைச் சேச்சி சேச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் காலில் குடம் நிரம்பி வழிந்தது. வாங்க என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. அவர் குழாயை மூடினார். என் தோளைப் பிடித்துத் தள்ளாடாமல் நிறுத்தினார்.

"செக்கன் ஜீவனோட உண்டு" என்றார். "முதல்ல அதைக் கேளு. உண்டு. ஞான் கண்ணால கண்டேன்."

நான் அங்கேயே சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தேன். அவரும் சிரமப்பட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோக்காரன் போகாமல் நின்றான்.

"என்னை வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க. வீட்ல இருந்து ஞான் என்ன செய்ய? கடற்படை ஆஸ்பத்திரி போர்டுல ஒரு குட்டி உண்டு, எனக்கு அறியும். விசிட்டர் நேரத்துல கூட்டிட்டுப் போனா. ரெண்டு நாள் வார்டு வார்டா நடந்தேன் சேச்சி. மூணாம் நாள் கண்டேன். கை கால் எல்லாம் உண்டு. கஞ்சி குடிச்சான்."

"அப்புறம் ஏன் ஒரு போன்கூட…" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காது கேக்கலை. தண்ணிக்குள்ள வெடிச்சதுல்ல, ரெண்டு காதும் போச்சு. ஞான் பேசினேன், பேசினேன், அவன் என் வாயையே பார்த்தான். இத்தனை வருஷமா என் சப்தம் கேட்ட செக்கன், நான் ஆருன்னு அவனுக்கு மனசிலாகலை. பேப்பர் ஓரத்துல இங்கிலீஷ்ல எழுதிக் காட்டினேன், எர்ணாகுளம் எக்ஸ்சேஞ்சுன்னு. அப்பத்தான் சிரிச்சான். அப்புறம் பேனாவை வாங்கி எழுதினான். அம்மா ஹலோன்னு சொன்னா எனக்குக் கேக்காது, நான் பதில் சொல்லலேன்னா அம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிரும், அதனாலதான் போன் பண்ணல, நீங்களும் சொல்லாதீங்கன்னு."

நான் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் கணவர் துண்டோடு உள்ளிருந்து வந்து வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஒரு காது கொஞ்சம் திரும்பும்னு டாக்டர் சொல்றார். நிச்சயமில்ல" என்றார் எர்ணாகுளம். "சொல்லாதேன்னு அவன் எழுதினான். எனக்கும் உனக்கும் போன்ல பேசக் கூடாதுன்னு உத்தரவு. வண்டியில வரக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே." மூச்சு வாங்கியது. பையைத் திறந்து எதையோ தேடி, கிடைக்காமல் மூடினார். "எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி தா. அப்புறம் துணி எடுத்து வை, ரெண்டு பேரும். சாயங்காலம் கொச்சிக்கு வண்டி இருக்கு, ஞானும் கூட வரேன்."